நாலா ஆறா

அவரோடு பசியாறப் போனால் கடைக்கார நானா இரண்டு தடவை எங்கள் மேசைக்கு வருவார். முதல் தடவை எனக்காக. நான் நாற்காலியை இழுக்கும்போதே சொல்லிவிடுவேன்: ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, சீனி குறைத்து ஒரு தே தாரேக் தேநீர். இரண்டாவது தடவை அவருக்காக. நடுவில் அவர் எழுந்து போய் அடுப்பின் கல்லை எட்டிப் பார்ப்பார். பக்கத்து மேசைத் தட்டுகளை, யாரும் முகம் சுளிக்காதபடி, ஒரு நோட்டம் விடுவார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஏதோ ரகசியத் தகவல் கிடைத்துவிட்டதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்.

"தோசை இன்னிக்கு நல்லா செவந்து வருது தங்கச்சி. ஆனா ரொட்டி போடறது புது ஆளு. அவரு கை எப்டினு தெரியல."

"அப்ப தோசை சாப்புடுங்கண்ணே."

"இரு லா. என்னா அவசரம்."

என் ரொட்டி வந்து, நான் தின்று முடித்து, கை கழுவிவிட்டு வரும்போது அவருடைய தட்டு வந்துகொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சாப்பிட ஆரம்பித்தால் அந்தக் கோபம் நிற்காது. ஒவ்வொரு விள்ளலையும் அத்தனை திருப்தியாகத் தின்பார். ஐயோ, அதை வாங்கியிருக்கலாமே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்தவர் தட்டை ஏக்கமாகப் பார்த்ததும் இல்லை. எடுக்கும் வரைதான் தவிப்பு. எடுத்த பிறகு அவருக்கு உலகத்திலேயே அதுதான் நல்ல தோசை.

அவரை எனக்குத் துப்பாக்கி சுடும் கிளப்பில் பழக்கம். சுங்கை காடுட் தொழிற்சாலைகளைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், செம்மண்ணை மேடாகக் குவித்து அதன் முன்னால் இலக்கு அட்டைகளை நட்டு வைத்த இடம் அது. கூட வேலை செய்கிற ஒருத்தி விளையாட்டாக என்னை அங்கே இழுத்துப் போனாள். அவள் ஒரே மாதத்தில் நின்றுவிட்டாள். நான் ஒட்டிக்கொண்டேன். கிளப்பில் அவரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. அதனால் நானும்.

நான் நீலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சாமான் கொள்முதல் பார்க்கிறவள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, ஒன்றைப் பிடித்துப் போட்டுவிட்டு, அடுத்ததற்குப் போவதுதான் என் பிழைப்பு. செருப்புக் கடைக்குப் போனாலும் அப்படித்தான். இப்படிப்பட்ட என்னை அவரோடு சேர்த்துவிட்டது கடவுளுக்கு என்ன பொழுதுபோக்கோ தெரியவில்லை.

கிளப்பில் உறுப்பினர்கள் சுடுவதற்கென்று இரண்டு பழைய ரிவால்வர்கள் இருந்தன. ஒன்றுக்குக் குழல் நாலு அங்குலம். இன்னொன்றுக்கு ஆறு. சொந்தத் துப்பாக்கி இல்லாதவர்கள் இந்த இரண்டில் ஒன்றை வாங்கிச் சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். அவர் சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறார். போட்டிக்கு நாலு அங்குலக் குழல் நல்லதா, ஆறா என்பதுதான் அவருடைய கேள்வி. நான் கிளப்பில் சேர்ந்த அன்றைக்கே அந்தக் கேள்விக்கு வயதாகியிருந்தது.

எல்லாரும் கேலி செய்தோம். ஆனால் அது முட்டாள்தனமான கேள்வி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் போட்டியில் முதல் பாதி நிதானமாகச் சுடுவது. அதற்கு நீளக் குழல் நல்லது. குறி பார்க்கக் குழலின் மேல் இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே தூரம் கூடுதலாக இருக்கும், கொஞ்சம் கோணினாலும் கண்ணுக்குத் தெரியும். வயதானவர்களுக்கு முன் குறி தள்ளி இருந்தால்தான் மங்காமலும் தெரியும். இரண்டாம் பாதி வேகமாகச் சுடுவது. ஒரு அட்டையிலிருந்து இன்னொரு அட்டைக்குக் கை திரும்ப வேண்டும். அங்கே நீளக் குழலின் எடை முன்னால் இழுக்கும், நாலு அங்குலம் சட்டென்று திரும்பும். இரண்டு பாதியையும் ஒரே துப்பாக்கியால்தான் சுட வேண்டும்.

"இன்னொன்னும் இருக்கு தங்கச்சி," என்பார். "கை ஆடறது எல்லாருக்கும் ஆடும். நீளத்துல அது தெரிஞ்சிரும். குட்டையில தெரியாது. ஆடாம நிக்கறோம்னு நெனச்சிக்கிட்டே சுடுவோம். அட்டைய கிட்டப் போயி பாத்தாதான் வண்டவாளம் தெரியும். நீளம் உள்ளத சொல்லும். குட்டை நிம்மதியா வச்சிருக்கும். உனக்கு எது வேணும், சொல்லு."

"ஆறு. வாங்குங்க. போவோம்."

"நீ டக்குனு சொல்லிருவ லா," என்று சிரிப்பார். நான் சொன்னதை எடுத்துக்கொள்வார் என்று நினைத்தால் அதுதான் இல்லை. அடுத்த வாரம் வேறொருவர் நாலு என்று சொல்வார். அதையும் இதே சிரிப்போடு கேட்டுக்கொள்வார். ஐந்து அங்குலம் வாங்கித் தொலையுங்கள் என்று ஒருவர் எரிச்சலில் சொன்னபோது மட்டும் அவர் முகம் மாறியது. "அஞ்சு வாங்கினா ரெண்டுலயும் பாதிதான் கெடைக்கும்," என்றார்.

இத்தனை யோசிக்கிற மனிதர் சுடும் கோட்டில் போய் நின்றால் வேறு ஆள். கையைத் தூக்குவார், மூச்சை விடுவார், விசை நகரும். தயக்கம் என்பதே இருக்காது. நாங்கள் எல்லாரும் தூக்கிய கையை இரண்டு தடவை இறக்கிவிட்டுத்தான் ஒரு குண்டு சுடுவோம். இது எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"சுடறதுல என்னா யோசனை? அதையெல்லாம் முன்னாடியே யோசிச்சிட்டுதானே வரணும்."

அவர் வேலையில் இருந்த காலத்தில் தோட்டத்தில் ஜாகா. சாதாரணக் காவல் இல்லை, துப்பாக்கி வைத்திருந்த காவல். சம்பளப் பணத்தை ஏற்றிக்கொண்டு காடி வருகிறபோது கூடவே உட்கார்ந்து வருவார். இடுப்பில் நிர்வாகம் கொடுத்த ரிவால்வர் இருக்கும். காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை ஒருநாளும் யார் மேலும் நீட்டியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். அது என்ன குழல் என்று கேட்டேன்.

"என்னா குடுத்தாங்களோ அது."

அதைச் சொன்ன விதம் எனக்குப் புதிதாக இருந்தது. கிளப்பிலிருந்து திரும்புகிற வழி, என் காடியில் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே ஆரம்பித்தார்.

"எங்கப்பாவுக்கு எந்த லயத்துல வீடு, எந்த நெரையில ரப்பர் பால் வெட்டறது, என்னைக்கி லீவு, எல்லாம் வேல வாங்கற மண்டோரு சொல்றதுதான். கல்யாணம் கூட ஆபீசு கிராணி பேசி முடிச்சது. அவரா போயி பாத்து எடுத்தது எங்கம்மாவுக்கு மழைக்கு ஒரு கொடை. லுக்குட்ல ஒரு கடையில. அதுக்கு காலையில போன மனுசன் மத்தியானம் வரைக்கும் நின்னாராம். கடைக்கார சீனன் சத்தம் போட்டும் நகரலயாம். எங்கம்மா சொல்லி சொல்லி சிரிக்கும்."

"நீங்களும் அப்டித்தாண்ணே."

"எனக்கும் அந்த வேலை, அந்த வீடு, அந்த துப்பாக்கி. எது வேணும்னு யாரும் கேட்டதில்ல தங்கச்சி. இப்பதான் கேக்கறாங்க. அத போயி டக்குனு முடிச்சிக்க சொல்ற."

அதற்குப் பிறகு நான் அவரை அவசரப்படுத்துவதைக் குறைத்துக்கொண்டேன். முழுதாக விட்டேன் என்று சொல்ல மாட்டேன். பிறவிக் குணம்.

ஒரு தடவை என்னைச் சிரம்பானில் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரத் தவுக்கே எங்களைக் கண்டதும் கேட்காமலேயே இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். அண்ணன் எத்தனையாவது தடவை வருகிறார் என்பது அதிலேயே தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். தவுக்கே இரண்டில் ஒன்றைக் கையில் வைப்பார். அவர் சுவரைப் பார்த்துத் தூக்கிவிட்டுக் கண்ணைத் திறப்பார். குறி தானாக நேராக நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அப்படி ஒரு சோதனை. நேராகத்தான் நின்றது. இரண்டும். அதுதான் அவருக்குப் பிரச்சினை. தவுக்கே எனக்கு ஒரு கோப்பி வரவழைத்துக் கொடுத்து, மலாயில், "இவர் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, வராமல் இருந்தால்தான் எனக்குக் கடை வெறிச்சென்று இருக்கிறது," என்றார்.

இனி ஒரு காலித் தோட்டா ஓடு என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். இதைக் கிளப்பில் நாங்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த காலம் ஒன்று உண்டு.

ரிவால்வரில் சுட்ட தோட்டாவின் ஓடு உள்ளேயே தங்கும். பிஸ்டல் அப்படி இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் காலி ஓட்டைப் பக்கவாட்டில் துப்பும். சுடச்சுடப் பறந்து வரும் பித்தளை. பக்கத்தில் நிற்பவரின் சட்டைக் காலருக்குள்ளோ காலில் போட்ட சப்பாத்துக்குள்ளோ விழுந்துவிட்டால் அவர் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூடும். எனக்கே விழுந்திருக்கிறது. துப்பாக்கியைக் கீழே வைப்பதா குதிப்பதா என்று தெரியாமல் அழுதிருக்கிறேன்.

அன்று போட்டிக்கு முந்தின பயிற்சி. அவர் ஆறு அங்குலத்தோடு கோட்டில் நின்றார். அவருக்கு இடப்பக்கம் நின்றவர் பிஸ்டல் சுட்டார். ஒரு ஓடு சுற்றிக்கொண்டே வந்து அண்ணனின் வலது சப்பாத்துக்குள் விழுந்ததை நான் பின்னால் நின்று பார்த்தேன். பழைய தோல் சப்பாத்து, வாய் அகலமானது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அசையவில்லை. கால் நகரவில்லை. தோள் குலுங்கவில்லை. மிச்சக் குண்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டு முடித்தார், அத்தனையும் கறுப்பு வட்டத்துக்குள். துப்பாக்கியைத் திறந்து காட்டி, மேசையில் வைத்துவிட்டு, வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணே, சப்பாத்த கழட்டுங்க," என்றேன்.

"ஏன்?"

கழற்றிக் கவிழ்த்தார். ஓடு உருண்டு சிமென்டில் விழுந்தது. காலுறை கணுக்காலுக்குக் கீழே பொசுங்கி, தோலோடு ஒட்டியிருந்தது. பிஸ்டல்காரர்தான் முதலில் கை தட்டினார். எல்லாரும் தட்டினோம். இப்படியும் ஒரு மனுஷனுக்குக் கவனம் இருக்குமா என்று வியந்தோம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே, "சுடும்போது காலு எங்க ஞாபகம் வருது," என்றார். அன்றிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்வதுதான் வழக்கம். கோட்டில் நின்றால் அண்ணனைப் போல் நிற்க வேண்டும், நெருப்பு விழுந்தாலும் தெரியக்கூடாது.

அவருக்கு நெடுநாளாக இனிப்புநீர் இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கோப்பியில் சீனி போடாமல் குடிப்பார். அந்த வியாதி முற்றினால் பாதம் மரத்துப்போகும் என்பதும் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் குடும்பங்களில் காலைப் பறிகொடுத்த ஒருவராவது இல்லாத வீடு உண்டா. ஆனால் சுடுகிறவர்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவன் அசையாமல் நின்றால் எங்கள் கண்ணுக்கு அது திறமையாகத்தான் தெரிந்தது. வேறு எங்கே நடந்திருந்தாலும், பசியாறும் கடையில் ஒரு சுடுதண்ணீர் குவளை கவிழ்ந்து அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூட, எங்களில் யாராவது ஒருவர் பதறியிருப்பார்.

அவருக்கே அது தெரிந்திருந்ததா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் கை தட்டியதும் அவரும் நம்பிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சொந்தத் துப்பாக்கிக்குப் போலீஸ் அனுமதி வந்தது. கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் இருந்தது ஒருவழியாக வந்துவிட்டது. குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசியில் அவர் குரல் பதிவு வந்திருக்கும். "தங்கச்சி, ஆறுதான். முடிவு பண்ணிட்டேன்." மத்தியானம் இன்னொன்று. "ஒரு சின்ன யோசன. வேகமா சுடறதுல போன வருசம் எங்க கோட்டை விட்டோம்னு நெனச்சிப் பாத்தேன். நாலுனு தோணுது." சாயங்காலம், "உன் அண்ணி திட்டுது. நாளைக்கு பேசறேன்." என் அலுவலகத்தில் எல்லாருக்கும் அந்தக் குரல் பழக்கமாகிவிட்டது. இன்று நாலா ஆறா என்று மலாய்க்காரத் தோழி என்னிடம் கேட்பாள்.

காலில் அந்த ஓடு சுட்ட புண் ஆறவில்லை. பசியாறும்போது வலது காலைச் செருப்பில்லாமல் நீட்டி வைத்திருந்தார். கட்டு ஈரமாக இருந்தது. லுக்குட் கிளினிக்குக்குப் போனீர்களா என்று கேட்டேன். அங்கே போவதா, அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போவதா, இல்லை அண்ணி சொல்கிற எண்ணெயைப் போட்டுப் பார்ப்பதா என்று மூன்று வழி இருப்பதாகச் சொன்னார். ஒவ்வொன்றிலும் என்ன நல்லது என்றும் விளக்கினார்.

"அண்ணே, இன்னிக்கே போங்க."

"இதெல்லாம் போட்டிக்கு முன்னாடி பழகறதுக்கு சுடற குண்டு மாதிரி லா. கணக்குல வராது," என்றார். நானா இரண்டாவது தடவை வந்தார். அவர் தோசை கேட்டார்.

அண்ணி என்னைக் கூப்பிட்டது நான் வேலையில் இருந்தபோது. அதற்கு முன் அவர் என்னோடு கைப்பேசியில் பேசியதே இல்லை. "தங்கச்சி, ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா. டாக்டரு கேக்கறாங்க, இவரு யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு சொல்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு," என்றார். நான் சொல்லி அவர் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை என்பது பாவம் அண்ணிக்குத் தெரியாது.

டாக்டர் சின்னப் பெண். நம் பிள்ளைதான். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"அங்கிள், ரெண்டு வழி இருக்கு. பாதத்துல பாதி மட்டும் எடுத்தா குதிகால் மிஞ்சும். ஆனா கிருமி அதுக்கு மேல போயிருந்தா திரும்ப வெட்ட வேண்டி வரும். முட்டிக்கு கீழ எடுத்தா அநேகமா ஒரே தடவையில முடிஞ்சிரும். அப்பறம் பொய்க்கால் போட்டு நடக்கலாம். எங்களுக்கு ரெண்டாவதுதான் நல்லதுனு படுது. ஆனா நீங்கதான் சொல்லணும்."

அவர் தலையணையிலிருந்து கொஞ்சம் எழுந்தார். "முட்டிக்கு கீழன்னா எவ்ளோ நீளம் மிஞ்சும்?"

டாக்டர் தன் காலில் கையை வைத்துக் காட்டினார்.

"பொய்க்கால் எவ்ளோ எடை இருக்கும்? முன்னால இழுக்குமா?"

அவை குழலைப் பற்றி அவர் இத்தனை நாள் கேட்டுவந்த கேள்விகள். அதே நிதானம், அதே அக்கறை. டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். அண்ணன் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினார்.

"நீளமா விட்டு வச்சா பின்னாடி கொறச்சிக்கலாம். குட்டையா வெட்டிட்டா நீட்ட முடியாது. சரிதானே டாக்டர்?"

"சரிதான் அங்கிள். ஆனா காத்திருக்க முடியாது."

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ டக்குனு சொல்ற ஆளாச்சே. சொல்லு."

தினமும் எதையாவது தேர்ந்தெடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அவருக்கே எத்தனை தடவை ஆறு, வாங்குங்க, போவோம் என்று சொல்லியிருப்பேன். அன்று போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் காலைப் பார்த்தேன். நகங்களை ஒழுங்காக வெட்டி வைத்திருந்தார்.

"டாக்டர் சொல்றத கேளுங்கண்ணே."

"டாக்டரு ரெண்டு சொல்றாங்க லா," என்றார். கேலியாக இல்லை. நிஜமாகவே உதவி கேட்டார். "காலையில சொல்லிர்றேன். ஒரே ஒரு ராத்திரி."

டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அண்ணி அழுதார். நானும் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலையில், காலையில் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விடிகிறபோது அவருக்கு நினைவில்லை. காய்ச்சல் ஏறிவிட்டிருந்தது. யாருக்கும் எதையும் தேர்ந்தெடுக்கிற வேலை மிஞ்சவில்லை. உயிர் வேண்டுமென்றால் முட்டிக்கு மேலே என்றார்கள். அண்ணி சரி என்றார்.

நான் அன்று ஒன்றைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகு டாக்டரிடம் கேட்டேன். முந்தின நாளே செய்திருந்தாலும் முட்டி மிஞ்சியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. ஒரு பித்தளை ஓட்டின் மேல் எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும்.

துப்பாக்கி அனுமதி அவர் படுத்திருந்த நாட்களில் காலாவதியாகிவிட்டது. கிளப்பில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தோட்டா ஓட்டுக் கதையையும் அதோடு சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சொல்ல வேண்டாம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

புக்கிட் பெலண்டோக்கில் அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். முன்னறையில், ஏசுநாதர் படத்துக்குக் கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் பேசினார். வேலை எப்படி, வீட்டில் எப்படி என்று விசாரித்தார். அண்ணி சமையற்கட்டிலிருந்து, "கோப்பியா, மைலோவா?" என்று கேட்டார். நான் கோப்பி என்றேன். பிறகு அவர் எதைச் சொல்வார் என்று நானும் அண்ணியும் வழக்கம்போல் காத்திருந்தோம்.

"எதுன்னாலும் சரி," என்றார் அவர்.

அண்ணி என்னை வாசல் வரை வழியனுப்ப வந்தார். காடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முன்ன ஒரு சட்டை எடுக்க அலமாரி முன்னாடி நின்னா ஞாயித்துக்கிழமை பூசைக்கே நேரமாயிரும். நான் கத்துவேன். இப்ப நான் எடுத்து வைக்கிறத போட்டுக்கறாரு. வேணும்னே பொருந்தாத கலரா எடுத்து வச்சேன். அதையும் போட்டுக்கிட்டாரு," என்றார். அழவில்லை. நான் ஏதாவது வழி சொல்வேன் என்று பார்த்தார்.

சுடும் இடத்துக்கு வந்தால் அவர் பழையபடி ஆகிவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. உட்கார்ந்து சுடலாம், கிளப்பில் தடையில்லை. செயலாளரிடம் பேசி, கோட்டின் ஓரத்தில் சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு பலகை போட வைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை போய் அழைத்துக்கொண்டு வந்தேன். போகிற வழியில் நானாவின் கடையில் நிறுத்தவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

அவரைக் கண்டதும் எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிஸ்டல்காரர் தூரத்தில் நின்றார். அவரை அண்ணனே கூப்பிட்டு, "வாங்க, என் கைக்கு ஒன்னும் ஆகல," என்று சிரித்தார். அவருக்கு யார் மேலும் வருத்தமில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதிதாக அனுமதி கேட்கலாம், நாங்களே அலைகிறோம் என்று செயலாளர் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். கேட்கலாம் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று தெரியவில்லை.

நான் அவருக்குக் காதுக்கவசத்தை மாட்டிவிட்டேன். நாற்காலிச் சக்கரத்தைப் பூட்டினேன். கிளப்பின் இரண்டு ரிவால்வர்களையும் வாங்கி வந்து, அவருக்குப் பக்கத்து மேசையில், துணியின் மேல், ஒன்றோடொன்று இணையாக வைத்தேன். உட்கார்ந்து சுடும்போது கணக்கே வேறு. மேசை இடிக்கும், தோள் தாழ்ந்திருக்கும், நீளக் குழலின் எடை வேறு மாதிரி இழுக்கும். யோசிக்க எவ்வளவோ இருந்தது. வாரம் முழுவதும் வேலைக்கு நடுவில் அதைத்தான் நானே யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, எது வேணும்? நாலா ஆறா?"

அவர் மேசையைப் பார்க்கவில்லை. எதிரே செம்மண் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது கிட்ட இருக்கோ அத குடு தங்கச்சி."

"யோசிச்சி சொல்லுங்கண்ணே. என்னா அவசரம்."

"இதுல யோசிக்க என்னா இருக்கு லா."

சொல்லிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். நான் மேசையைப் பார்த்தேன். இரண்டும் ஒரே தூரத்தில்தான் இருந்தன. நான்தான் அப்படி வைத்திருந்தேன். அவர் நீட்டிய கை அப்படியே இருந்தது. அது கொஞ்சம்கூட ஆடவில்லை. எதை எடுத்து அதில் வைப்பது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.